பருந்தாரின் இடது கை

ஊரே அவரைப் பருந்தார் என்றுதான் கூப்பிட்டது. போர்க்காலத்தில் விமானம் ஓட்டினார். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட லாரி ஒன்றை வாங்கி ஓட்டினார். பிறகு லாரி ஓட்டுகிறவர்களை ஓட்டினார். கடைசியில் கட்சியில் சேர்ந்து ஒரு தொகுதியையே ஓட்டினார். எல்லாம் இடது கையால்தான். கையெழுத்துப் போடுவது, மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டுவது, கன்னத்தில் அறைவது எதற்கும் வலது கை எழுந்ததில்லை. அந்தக் கையிடம் வாங்காத டிரைவர் அவர் கம்பெனியில் கிடையாது. ‘அடியாத மாடு படியாது’ என்பதுதான் அவருடைய வியாபார ரகசியம், அதை அவர் ரகசியமாகவும் வைத்துக்கொள்ளவில்லை. டீசல் திருடினான் என்று ஒரு டிரைவரின் உள்ளங்கையைக் கொதிக்கிற சைலன்சரில் வைத்து அழுத்தினார். பிறகு ஆஸ்பத்திரிச் செலவையும் அவரே கொடுத்தார். அவர் மனைவி வெளியில் பேசும்போது இரண்டாவது பாதியை மட்டும் சொல்வாள்.

அவள் ஒன்றும் பயந்த பெண் இல்லை. இந்த மனிதரைப் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அவள் அண்ணன். பருந்தார் ஓட்டிய போர் விமானத்தில் பின் இருக்கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்தவன் அவன்தான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், உறவு எதுவும் இல்லாமலே ‘மச்சான், மச்சான்’ என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவனுக்கு அவள் ‘வாலு’. சின்ன வயதில் அவள் செய்த சேட்டைக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். வேறு யாரும் அப்படிக் கூப்பிட அவள் விட்டதில்லை, புருஷன் உட்பட.

ஒருநாள் அந்த விமானம் திரும்பவில்லை. சில நாள் கழித்துப் பருந்தார் மட்டும் புருவம் பொசுங்கி, தாடை வீங்கி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் சுட்டுவிட்டார்கள், இரண்டு பேரும் குதித்தோம், நான் ஆற்றைத் தாண்டி வந்துவிட்டேன், அவன் எதிரிகளிடம் மாட்டிக்கொண்டான் என்றார். அவளுடைய அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். இவள் அழவில்லை. ‘உயிரோட இருக்கான்ல? அது போதும்’ என்றாள். அண்ணனைக் கடைசியாகப் பார்த்த மனிதர் என்பதற்காகவே பின்னால் அவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

போர் முடிந்து கைதிகளை மாற்றிக்கொண்டபோதெல்லாம் ரயில் நிலையத்துக்குப் போய் நின்றாள். எலும்பும் தோலுமாக இறங்கியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பருந்தாரும் கூடவே நின்று அவளுக்குக் குடை பிடித்தார். கடைசி ரயிலும் வந்து போனது. அதற்குப் பிறகும், எங்காவது ஒரு சிறையில் பெயர் தெரியாமல் கிடப்பான் என்று இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள். இவரை அரசியலுக்குள் தள்ளியதும் அவள்தான். மந்திரியானால் அந்த நாட்டோடு பேசலாம், அண்ணனை மீட்கலாம் என்று கணக்குப் போட்டாள்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. கட்சித் தலைவர் பருந்தாரை எல்லையோரத் தொகுதிக்கு மாற்றினார். எதற்கும் அஞ்சாத மனிதர் முதல் தடவையாக முடியாது என்றார்.

“பருந்துக்கு என்னய்யா பயம்? அங்க நின்னு ஜெயிச்சா நீ மந்திரி. நிக்கலன்னா உன் லாரி ஒண்ணுக்கும் பெர்மிட் இருக்காது. யோசிச்சுக்க” என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்தவர் கண்ணாடி அலமாரியைக் குத்தி உடைத்தார். கையில் ரத்தம் சொட்டச் சொட்ட, “நிக்கிறேன். ஆனா நீ அந்தப் பக்கம் வரக் கூடாது” என்றார்.

வராமல் எப்படி? அவருக்கு ஓட்டு விழுந்ததே அவள் பேச்சுக்குத்தான். அண்ணன் கதையை அவள் மேடையில் சொன்னால் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். தலைவரே போன் போட்டுக் கூப்பிட்டார். புறப்பட்டுவிட்டாள்.

அது ஓட்டுக் கேட்கிற தேர்தலாகவே இல்லை. இரண்டாம் நாளே எதிர்க்கட்சி ஆட்கள் சைக்கிள் செயினோடு ஜீப்பை மறித்தார்கள். டிரைவரின் முன்பற்கள் போயின. மறுநாள் விடிவதற்குள் எதிர்க்கட்சி வேட்பாளரின் மர அறுவை மில் எரிந்தது. உள்ளே இருந்த காவலாளியை வெளியே இழுத்துப் போட்டபோது அவன் முழங்காலுக்குக் கீழே தோல் இல்லை. தாங்கள் செய்ததில்லை என்று பருந்தார் பத்திரிகைக்காரர்களிடம் சத்தியம் செய்தார். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களே, அந்தக் கதைதான். அவள் அந்தக் காவலாளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

தொகுதியில் சூளை மேடு என்று ஓர் இடம். செங்கல் சூளைகளும் அவற்றில் வேலை செய்கிறவர்களின் வீடுகளும்தான். ஓட்டு நிறைய இருந்தது. ஆனாலும் பருந்தார் அங்கே மட்டும் போகாமல் ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்குச் சொன்னார். அவள் இரண்டு கட்சிப் பெண்களை அழைத்துக்கொண்டு தானே போனாள்.

ஊர் நடுவில் ஆள் உயரத்துக்குச் செங்கல் தூண் ஒன்று நின்றது. சுண்ணாம்பு பூசிப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுச் சூளைக்காரி, தலை நரைத்த, கை காய்த்துப்போன பெண்பிள்ளை, இவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“இது என்னம்மா தூண்?”

“அதுவா? எங்க ஊர் பெருமைம்மா அது” என்றாள் சூளைக்காரி. “சண்டை நேரத்துல ஒருநா காலையில அவனுங்க விமானம் வந்து சூளை மேல குண்டு போட்டுச்சு. என் கொழுந்தன், அவன் பொண்டாட்டி, மூணு புள்ளைங்க, எல்லாரையும் கரிக்கட்டையாத்தான் எடுத்தோம். கொஞ்ச நேரத்துல இன்னொரு விமானம் பத்தி எரிஞ்சுக்கிட்டே வந்து விழுந்துச்சு. அதுலேருந்து ஒருத்தன் பாராசூட்ல எறங்கினான். விடுவோமா?”

“அவன் எதிரிதான்னு எப்படித் தெரியும்?”

“பின்ன யாரு வானத்துலேருந்து வருவா? சட்டையெல்லாம் எரிஞ்சு கிடந்துச்சு. ஆனா நம்ம பாஷையே பேசினாம்மா! ‘நான் உங்க ஆளு, அவனுங்களத் தொரத்திக்கிட்டு வந்தேன்’ங்கறான். எவ்வளவு நல்லாப் பழக்கி அனுப்பியிருக்கானுங்க பாருங்க! மொதல்ல கால ஒடச்சாங்க. அப்புறம் கை. செங்கல்லால வாயிலயே ரெண்டு போட்டாங்க. அப்பவும் பேச்சு நிக்கல. ‘வாலு காத்துக்கிட்டிருப்பா, வாலுகிட்ட சொல்லுங்க’ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தான். அது யாரோ எவளோ.”

அவள் கையிலிருந்த டம்ளரைச் சிந்தாமல் தரையில் வைத்தாள். கேட்டாள்.

“அப்புறம்?”

“உயிரு லேசுல போகல. அப்பப் பாத்து ஒருத்தன் வெறும் பனியனோட புகைக்குள்ளேருந்து வந்தான். புருவமெல்லாம் பொசுங்கியிருந்துச்சு. குண்டுக்குத் தப்பிச்ச பக்கத்து ஊர் ஆளுன்னு நெனச்சோம். எங்க வீட்டுக்காரர் கட்டையைக் கையில குடுத்து, ‘நீயும் ஒண்ணு போடு’ன்னார். தயங்கினான். ‘ஏண்டா தயங்கற, நீயும் அவனுங்க ஆளா?’ன்னார். அவ்வளவுதான், இடது கையால ஓங்கி ஒரே போடு. மண்டை ரெண்டாச்சு. அங்கயே வாந்தி எடுத்துட்டு ஓடிட்டான். செத்தவனை அங்கயே பொதச்சு, மேல இந்தத் தூணைக் கட்டினோம்.” சூளைக்காரி குரலைத் தணித்தாள். “ஒண்ணுதாம்மா எனக்கு இன்னிக்கும் புரியல. அந்த ஆளப் பாத்ததும், அதுவரைக்கும் பேசிக்கிட்டே கிடந்தவன் சட்டுனு வாய மூடிக்கிட்டான்.”

பருந்தார் விடுதி அறையில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த ஆளையும் கட்சி ஆட்களையும் அவள் வெளியே போகச் சொன்னாள். கதவைத் தாழிட்டாள்.

“சூளை மேட்டுக்குப் போயிட்டு வந்தேன்.”

அவர் எழுந்தார். “எவளோ ஒளறுவா, நீ கேட்டுக்கிட்டு வந்துடுவியா?”

“எவ என்ன ஒளறினான்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே.”

அறை விழுந்தது. அவள் உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. துடைக்கவில்லை. ஓர் அடி பின்வாங்கவும் இல்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவர்தான் நாற்காலியில் சரிந்தார்.

“நான் அடிக்கலன்னா என்னையும் கொன்னிருப்பானுங்க. அவன் எப்படியும் பொழைச்சிருக்க மாட்டான். ரெண்டு பொணம் விழறதுக்கு ஒண்ணு…”

“அவன் உங்களப் பாத்தானா?”

“பாத்தான்.”

“பேர் சொல்லிக் கூப்பிடலியா?”

“இல்ல. கூப்பிட்டிருந்தா நான் காலி. வாய மூடிக்கிட்டுக் கண்ணாலயே போன்னு சொன்னான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனிதர் இருபத்திரண்டு வருஷமாக அதைப் பரிமாறியும் இருக்கிறார், குடையும் பிடித்திருக்கிறார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையில் கிடந்த சவரக் கத்தியை எடுத்திருப்பாள். ஆனால் அந்தக் கழுத்தை அறுத்தால் அண்ணன் கிடைக்கமாட்டான். அவளுக்கு அண்ணன் வேண்டும். எதிரி என்ற பெயரோடு அந்தத் தூணுக்கடியில் இனி ஒருநாள்கூட அவன் கிடக்கக் கூடாது.

“இன்னைக்குச் சாயங்காலம் சூளை மேட்டுல கூட்டம் போடுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்” என்றார்.

சொன்னார். அரசியல்வாதி எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். இந்தத் தூணுக்கடியில் கிடப்பவன் எதிரி இல்லை, என் மச்சான், உங்களைக் காப்பாற்ற வந்த வீரன் என்று குரல் உடையப் பேசினார். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றார். குற்றம் உங்களுடையது இல்லை, குண்டு போட்டவனுடையது என்றார். எல்லாம் சொன்னார், பனியனோடு வந்தவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு கதறினார்கள். ஆண்கள் கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டுவந்து தாங்கள் கட்டிய தூணைத் தாங்களே வெறி பிடித்தவர்களாக இடித்தார்கள். ஒருவன் வெறும் கையால் செங்கல்லைக் குத்திக் குத்தி விரல்களை உடைத்துக்கொண்டான். “அந்தப் பனியன்காரன் எங்கடா? கடைசி அடி அவன்தான அடிச்சான்? கையில கிடைச்சா நார் நாரா கிழிக்கணும்” என்று கத்தினார் சூளைக்காரியின் கணவர். தங்கள் பாவத்தையெல்லாம் ஏற்றிவைக்க அவர்களுக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. இந்த ஆவேசத்தில் சிலர் பருந்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவரும் பழக்க தோஷத்தில் இடது கையை உயர்த்தி ஆட்டினார்.

சூளைக்காரி அதைப் பார்த்தாள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். நேரே வந்து இவள் கையைப் பிடித்தாள். கடப்பாரையோடு நின்ற நாலைந்து பேர் திரும்பினார்கள்.

“அம்மா, அந்த ஆளு… இவரா?”

ஒரு வார்த்தை போதும். அடுத்த நிமிஷம் அந்தத் தோளிலிருந்து அவரைத் துண்டு துண்டாகத்தான் இறக்கியிருப்பார்கள். அவள் மனம் ஆமாம் ஆமாம் என்று அலறியது. ஆனால் செங்கல்லால் உடைத்தும் மூடாத வாயை அண்ணன் இந்த ஆளுக்காகத்தான் மூடினான். அவன் கடைசியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதை அவளே கெடுப்பதா?

“இல்லம்மா” என்றாள். “இவரில்ல.”

பிறகு, தூணுக்கடியில் அவர்கள் தோண்டிய குழிக்குள் இறங்கினாள். யாரையும் தொட விடாமல், இரண்டாகப் பிளந்த மண்டையோட்டிலிருந்து கால் விரல் வரைக்கும் தன் கையாலேயே பொறுக்கி, ஒரு வேட்டியில் மூட்டையாகக் கட்டினாள்.

ஜீப்பில் முன் இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். டிரைவரை அனுப்பிவிட்டுப் பருந்தாரே ஓட்டினார். ஊர் எல்லை தாண்டியதும் ஓரமாக நிறுத்திப் பெருமூச்சு விட்டார்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நீ கெட்டிக்காரிதான்.” பிறகு, யோசனையோடு, “அந்த மூட்டையைக் குடு. கட்சி ஆபீஸ்ல வைக்கலாம். ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் பெரிய ஊர்வலமா வெச்சா…” என்று சொல்லிக்கொண்டே அவள் மடியை நோக்கி இடது கையை நீட்டினார்.

இருக்கைக்கு அடியில் ஜாக்கிக் கம்பி இருந்தது. அவள் எடுத்ததை அவர் பார்க்கவில்லை. கியர் கம்பிக்கு மேலாக நீண்டிருந்த அந்த மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அலறியபடி அவர் கையை இழுக்கப் பார்த்தார். இன்னொன்றும் போட்டாள். விரல்கள் தனித்தனியாகத் தொங்கின.

“உன் உசிரு எங்கண்ணன் குடுத்தது. அதத் தொட எனக்கு உரிமை இல்ல. இந்தக் கையை அவன் குடுக்கல” என்றாள். கல்யாணமான நாள் முதல் ‘நீங்க’ என்றே பேசியவள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

மறுநாள் காலைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பத்திரிகை விரித்திருந்தார். எதிர்க்கட்சிக் குண்டர்கள் கொலைவெறித் தாக்குதல், பருந்தாரின் இடது கை நசுங்கியது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டோடு படம். “பாவம்ல? இந்தத் தடவை ஜெயிச்சுருவாரு” என்றார் அவர். அனுதாப ஓட்டு கொட்டத்தான் போகிறது என்று அவளுக்கும் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்டக்டர் வந்தார். “என்னம்மா, மடியில இவ்வளவு பெரிய மூட்டை? லக்கேஜை மேல போடுங்க.”

“லக்கேஜ் இல்லங்க. எங்கண்ணன். ரெண்டு டிக்கெட் குடுங்க” என்றாள் அவள்.