புருவத்தின் மேல் ஒரு தழும்பு

முத்தியால்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வேலையெல்லாம் பெரிய ஆட்களிடம் போய்விட்டது. செத்தவர்களின் முகத்தைச் சுத்தம் செய்து ஃபிரேம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

மீன் விற்கும் அக்கா ஒருத்தி போனை நீட்டினாள். புருஷன் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. படகுப் பக்கத்தில் பனியனோடு நின்று சிரிக்கும் ஒரே ஒரு படம்.

"அந்தாளு பல்லக் காட்டுனதே அன்னிக்கு ஒரு நாள்தான் தம்பி. கருமாதிக்கு மாலை போடணும். ஆதாருல இருக்கறது மூஞ்சியா அது? கரிச்சட்டி."

போனில் இடமே இல்லை என்று புலம்பினாள். உதவுவதாக நினைத்துக்கொண்டு, காப்பி எடுக்காமல் படத்தை கட் பண்ணி என் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். முதல் முட்டாள்தனம் அது.

பிறகு எல்லோருக்கும் செய்வதைச் செய்தேன். பனியனை எடுத்துவிட்டு, தயாராக வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையை மாட்டினேன். என் கடைக்கு வந்த செத்துப்போன ஆண்கள் எல்லாம் அந்த ஒரே சட்டையில்தான் சுவரில் தொங்குகிறார்கள். தோலை வெளுப்பாக்கினேன். புருவத்துக்கு மேலே இருந்த தழும்பை அழித்தேன். அசலைத் தொடாமல், மேலே ஒரு லேயர் போட்டு அதில்தான் கை வைக்க வேண்டும். தெரியும். செய்யவில்லை. கரண்ட் போய்ச் செய்த வேலையெல்லாம் அழிந்துபோன காலத்திலிருந்து, நிமிஷத்துக்கொரு தரம் சேவ் கொடுப்பது என் கைப்பழக்கம். அதே பெயரில் சேவ் செய்து மூடிவிட்டேன். ஃபைலை மூடினால், செய்ததை ரத்து செய்யும் அன்டூவுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

மறுநாள் வந்து பார்த்ததும் முதலில் சிரித்தாள்.

"யாரு தம்பி இது? பொண்ணு பாக்கப் போறவனாட்டம் நிக்கிறான்." அப்புறம் கிட்டே குனிந்தாள். "தழும்பு எங்க? கயிறு அறுந்து அடிச்சது. நாந்தான் துணி வச்சி அமுக்கிப் புடிச்சிருந்தேன். அதத் திருப்பிப் போட்டுடு."

வேறு யாருக்காவது அந்தப் படத்தை அனுப்பினாளா என்று கேட்டேன். "எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்?" என்றாள். அழிந்த படங்களை மீட்கும் சாஃப்ட்வேரை அவள் போனில் ஓட்டினேன். வந்தது யாரோ ஒரு குழந்தையின் பாதி முகம். ஆதார் படத்தில் புருவமே இருட்டில் கிடந்தது.

உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, வரை. நான் சொல்றேன்."

வரைந்தேன். "இன்னும் மேல. நீட்டு. அய்ய, அவ்ளோ இல்ல." அழித்தேன். மறுபடி வரைந்தேன். என் தப்புக் கோடுகளுக்கு மட்டும் அந்தச் சனியன் பிடித்த அன்டூ ஒழுங்காக வேலை செய்தது.

"சாஞ்சி இருந்துச்சா, நேராவாக்கா?" என்று கேட்டேன்.

தன் புருவத்தின் மேல் விரலை வைத்தாள். நகர்த்தினாள். எடுத்துவிட்டாள்.

"இப்ப எனக்கே தெரியல தம்பி. நீ வரைஞ்சதுதான் கண்ணுல நிக்குது."

தழும்பில்லாத படத்தையே ஃபிரேம் போடச் சொன்னாள். கருமாதியில் அந்த வெள்ளைச் சட்டைக்காரனுக்குத்தான் மாலை போட்டார்கள்.

இப்போதெல்லாம் அசலைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் வேலையைத் தொடுகிறேன். அதனால் அவளுக்கு என்ன ஆகப்போகிறது?