இரண்டு மணிக்கு முடிந்த வேலை

பத்தொன்பது வருடமாகச் சட்டைக்குக் காலர் தைத்ததால் காலர் அக்கா என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தையல்கூடத்தில் அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். மேற்பார்வையும் அவள்தான்.

குறைந்தபட்சக் கூலியை மணிக்கு இவ்வளவு என்று அரசு ஒன்றரை மடங்காக உயர்த்தியபோது முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

“சட்டம் போட்டவங்களா வந்து சட்டை விக்கப்போறாங்க? இந்தக் கூலிக்கு ஏழு பேரைத்தான் வச்சுக்க முடியும். போறது எந்த நாலு பேர்னு நீயே சொல்லிடும்மா.”

கடைசியாகச் சேர்ந்தவள் அவளுடைய நாத்தனார். புருஷன் போனபின் இவள் வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு நாள் மண்டையைக் குடைந்து ஒரு வழி சொன்னாள். எல்லாருடைய நேர அட்டையையும் அவளே இரண்டு மணிக்கு இயந்திரத்தில் செருகி, வேலை முடிந்ததாக அடித்துவிடுவது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் தையல் எப்போதும்போல் ஐந்து மணிவரை நடக்கட்டும். அட்டையில் சட்டப்படி கூலி, கைக்கு வருவது பழைய நாள்கூலி.

“எல்லாருக்கும் வேலை தப்பிச்சுதேக்கா” என்று பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் மூன்றரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து நின்றார். அட்டைகளைப் புரட்டினார்.

“ரெண்டு மணிக்கே கிளம்பியாச்சுன்னு இருக்கு. அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாரும்மா, உங்க நிழலா?”

யாரும் சிரிக்கவில்லை.

“உண்மையைச் சொன்னா ஆறு மாசக் கூலிப் பாக்கி உங்களுக்கு வரும். அட்டையை அடிச்சது யாரு? முதலாளியோட சேத்து அவங்க மேலயும் வழக்கு வரும்.”

எழுந்திரு என்றது மனம். காலர் அக்கா தைத்துக்கொண்டேயிருந்தாள், தையல் கோணிக்கொண்டு போனது.

நாத்தனார் எழுந்தாள். “ரெண்டு மணியோட வேலை முடிஞ்சுது சார். இது எங்க வீட்டுத் துணி, இங்க வச்சுத் தைக்கிறோம்.”

“பதினோரு வீட்டுக்கும் ஒரே நீலச் சட்டையா?”

“மொத்தமா எடுத்தோம் சார். மலிவா கிடைச்சுது.”

ஒவ்வொருத்தியாக அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். காலர் அக்காவும் போட்டாள்.

அவர் படியிறங்கியதும் நாத்தனாரிடம், “உன் பாக்கி போச்சேடி. ஏன் அப்படிச் சொன்ன?” என்றாள்.

“உங்களைக் காட்டிக் கொடுத்துட்டு வீட்டுல உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது அண்ணி? விடுங்க.”

மாலையில் முதலாளி காலர் அக்காவைத் தனியே அழைத்தார். “நாளையிலேருந்து உன் அட்டையை மட்டும் அஞ்சு மணிக்கு அடிச்சு, புதுக் கூலியை முழுசா வாங்கிக்கோ. மத்தவங்களுது எப்பவும் போல.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“சரிங்கய்யா” என்று வந்தது.