ஒரே சுவருக்கு அந்தப் பக்கம்

பட்டாசு டாக்டர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். சொந்தப் பெயர் கிளினிக் பலகையில் இருக்கிறது. அதை யார் படித்தார்கள்? கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பெண்மணி. இருமிக்கொண்டு வந்து, சிகரெட் நெடியை மறைக்க வாயில் மிட்டாயை அதக்கிக்கொண்டு உட்கார்ந்தால் தீர்ந்தது, வாசல் வரை விரட்டித் திட்டுவாள். திட்டிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு மருந்தும் எழுதுவாள். திட்டு வாங்காமல் வீடு திரும்பியவர்கள், "இன்னைக்கு நம்மளைச் சரியாப் பாக்கலையோ" என்று குழம்பியதும் உண்டு.

அவள் கோபத்துக்கு ஒரு துணை வந்து சேர்ந்தது. கையடக்க ஸ்கேன் கருவி. ஒரு முனை நோயாளியின் மேல், மறுமுனை அவளுடைய போனில். மூச்சு வாங்கினால் நெஞ்சில் வைப்பாள், சிறுநீர் கட்டிக்கொண்டால் அடிவயிற்றில், கால் வீங்கினால் காலில். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் ஒரு தேதி சொல்லி, அந்தத் தேதியில் மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பும் கூத்தைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, தானே வாங்கி, தானே படித்து, பரீட்சையும் எழுதித் தேறியவள். "குடும்ப டாக்டருக்கு எதுக்கு ஸ்கேன்?" என்று கேட்ட சக டாக்டர்களிடம், "உங்களுக்கு எதுக்குக் கண்ணு?" என்று திருப்பிக் கேட்டாள்.

கிளினிக்குக்கு ஒட்டினாற்போல் அவள் அண்ணனின் டயர் கடை. நடுவில் ஒரே ஒரு சுவர். அண்ணனுக்கு அந்தக் கருவி 'ஷேவிங் மெஷின்'. "ஷேவிங் மெஷினை வச்சு எத்தனை பேரைப் பயமுறுத்தின இன்னைக்கு?" என்பார். கோபத்தில் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அது அந்தக் குடும்பத்துச் சொத்து. பக்கவாட்டில் வீங்கிய டயரோடு எவனாவது வந்தால் முதல் வேலையாகச் சாவியைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிடுவார். "அவசரமாப் போகணும்ணே" என்று கெஞ்சினால், "போ, நடந்து போ. வண்டி போகாது" என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு முதுகு வலித்தது. வலித்தபோது என்ன செய்தார்? அந்தக் குடும்பமே வழக்கமாகச் செய்வதைத்தான். சுவரைத் தட்டினார்.

"முதுகு பிடிச்சுக்கிச்சும்மா! என்ன போடட்டும்?"

இந்தப் பக்கம் யாருடைய வயிற்றிலோ கருவியை வைத்திருந்தவள் மாத்திரை பெயரைக் கத்தினாள். அவ்வளவுதான் வைத்தியம். சித்திக்குத் தலைசுற்றல் என்றாலும், மச்சானுக்கு நெஞ்செரிச்சல் என்றாலும் இதே கதை. வீட்டு ஆளுக்கு டோக்கன் கிடையாது, கட்டில் கிடையாது, கை வைத்துப் பார்ப்பது கிடையாது. நம்ம டாக்டர்தானே என்று அவர்களும் கேட்பார்கள், நம்ம ஆள்தானே என்று இவளும் சொல்வாள். அந்த மழைக்காலம் முழுக்க அண்ணன் சுவரைத் தட்டினார். அந்த மழைக்காலம் முழுக்க அவள் கத்தினாள்.

ஒருநாள் காலை சுவர் தட்டும் சத்தம் வரவில்லை. அண்ணிதான் ஓடிவந்தாள்.

"சீக்கிரம் வா! உங்கண்ணன் விழுந்துட்டாரு!"

கருவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பழைய டயர் குவியலில் சாய்ந்து கிடந்தார் அண்ணன். உடம்பெல்லாம் வேர்வை, முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டையைத் தூக்கி, ஸ்கேன் பசையைப் பிதுக்கி, தொப்புளுக்கு மேலே வைத்தாள். போன் திரையைப் பார்த்தாள். இதயத்திலிருந்து இறங்கி வரும் பெரிய ரத்தக்குழாய் கட்டைவிரல் அகலம்தான் இருக்க வேண்டும். அண்ணனுக்கு அது முஷ்டி அளவு உப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் புடைத்து அடங்கியது. பக்கத்தில் கசிவு மாதிரி ஒரு கறுப்பு.

"ஷேவிங் மெஷின் என்ன சொல்லுது?" அந்த நிலையிலும் கேலி.

"டயர் வீங்கியிருக்குண்ணே."

"அப்ப சாவியை மாட்டிடு" என்றார் அவர்.

வண்டியில் ஏற்றிய கையோடு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். ரத்தக்குழாய் வீங்கிய அளவைச் சொல்லி, ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது: "ஸ்கேன் எங்க எடுத்தீங்க?"

"நான்தான் எடுத்தேன். குடும்ப டாக்டர்."

"அதெல்லாம் ஸ்கேன் கணக்குல வராது மேடம். இங்க வந்து வரிசையில எடுத்துக்கட்டும்."

"வரிசையா? வெடிக்கப் போற ரத்தக்குழாய்கிட்ட நீங்களே சொல்லுங்க, வரிசையில நில்லுன்னு!"

போன் வைக்கப்பட்டது. உள்ளூர் மாடு விலை போகாது என்பது தெரியும். ஆனால் மாட்டைக் கண்ணாலும் பார்க்க மாட்டேன் என்பவர்களை என்ன செய்வது? வழி நெடுக அவள் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அதற்கும் மேல். டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் அண்ணனின் விலாவில் இரண்டு தட்டு தட்டினார். "கிட்னியில கல்லா இருக்கும் மேடம். இந்த வயசுல சகஜம். வலிக்கு ஊசி போடறேன். ஸ்கேன் மத்தியானம் பாத்துக்கலாம்."

"தம்பி, இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தேன். இப்பக் கத்தப் போறேன்" என்றாள். கத்தவும் செய்தாள். நடைபாதையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, ஸ்ட்ரெச்சரிலேயே அண்ணனின் சட்டையை விலக்கி, மறுபடி கருவியை வைத்து, போனை அந்தப் பையனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுல கல் எங்க இருக்கு? காட்டுங்க!"

அவர் பார்த்தார். உப்பிய ரத்தக்குழாய் கறுப்பு வட்டமாகத் துடித்தது. "அளவு..." என்று இழுத்தார்.

"அதைத்தான் போன்லயே சொன்னேன்!"

அதற்குப் பிறகு அந்தப் பையன் ஓடிய ஓட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும், சொல்வேன். ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கும்போது, எந்த டாக்டர் பார்த்தது என்று கேட்டார்களே தவிர, என்ன பார்த்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அண்ணனைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் அண்ணியும் அவளும். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போனை வைத்தவளைச் சும்மா விடப்போவதில்லை, அந்தப் பையனை மேலிடத்தில் நிறுத்தப்போகிறேன், பார்க்காமலே கல் என்று சொல்ல அவனுக்கு யார் பட்டம் கொடுத்தது என்று பொரிந்து தள்ளினாள். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அழுது ஓய்ந்த குரலில் சொன்னாள்:

"எல்லாரையும் திட்டி முடிச்சிட்டியா? மழை ஆரம்பிச்சதுல இருந்து அந்தச் சுவரைத் தட்டுனாரே மனுஷன். நீ எத்தனை தடவை இந்தப் பக்கம் வந்த?"

"அண்ணி..."

"தெருவுல போறவன் வர்றவன் வயித்துல எல்லாம் வச்சுப் பாத்த. கூடப் பொறந்தவருக்கு மாத்திரை பேரைக் கத்தின. அந்தப் பையனாவது ரெண்டு தட்டு தட்டிப் பாத்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்த கதைதான், போ."

டாக்டர் மடியிலிருந்த கருவியைப் பார்த்தாள். பார்க்காமலே கல் என்றவனைக் கிழித்தாள், சரி. பார்க்காமலே தசைப்பிடிப்பு என்று மாத்திரை சொன்னவள் யார்? அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவு திறந்து, ஆபரேஷன் செய்தவர் வெளியே வந்து "பிழைச்சிட்டார்" என்று சொல்லும் வரை இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. சொன்ன பிறகும் பேசவில்லை.

கிளினிக் திறந்தது. ஆனால் பட்டாசு நமத்துப் போயிருந்தது. மிட்டாய் சப்பிக்கொண்டு வந்தவனைக்கூட, "சிகரெட்டை விட்டுடுங்க" என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினாள். அவன் பயந்துபோய், தனக்குப் பெரிய வியாதி என்று வீட்டில் அழுதானாம்.

அண்ணன் தேறி, கடைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலையாட்களை விரட்ட ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் கிளினிக்கில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது சுவர் தட்டும் சத்தம்.

"தோள்பட்டை வலிக்குதும்மா! என்ன போடட்டும்?"

மாத்திரையின் பெயர் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கம் போகுமா? விழுங்கினாள். கட்டிலில் படுத்திருந்தவரிடம், "அப்படியே இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பையும் கருவியையும் எடுத்துக்கொண்டு வாசல் இறங்கி, டயர் கடைக்குள் நுழைந்தாள். கல்லாவில் இருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"சட்டையைக் கழட்டு" என்றாள் தங்கை.

"தோள்பட்டைதாம்மா, இதுக்குப் போய்..."

"கழட்டுறியா இல்லையா!"

சுவருக்கு இந்தப் பக்கம் காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அது நன்றாகக் கேட்டது.