நாற்பது பை மீன்குஞ்சும் ஒரு பழைய பிக்கப்பும்

காலை ஆறரை மணிக்கு வவுனியாவில் சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

பின்தட்டில் நாற்பது பை மீன்குஞ்சுகள் ஏற்றியாகிவிட்டது. தடித்த பொலித்தீன் பைகள். கீழே தண்ணீர், மேலே ஒட்சிசன் அடைத்து இறுகக் கட்டியவை. வெயில் படாமல் ஈரச்சாக்கும் தறப்பாளும் போட்டு மூடியிருந்தோம். தண்ணீரூற்றுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னக் குளத்தில் இவற்றை விடவேண்டும். மத்தியானத்துக்கு முன் போய்ச் சேர்ந்தால் நல்லது என்று குஞ்சு வளர்க்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள்.

முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; எனக்குப் பக்கத்தில் இருந்தவர் நிஸ்தார் நானா, அந்தக் குளத்து மீன்பிடிச் சங்கத்தின் தலைவர். தண்ணீரூற்றில் பிறந்து, சின்ன வயதில் ஊரை விட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, பிள்ளை குட்டிகளோடு திரும்பி வந்தவர். சங்கத்தில் தமிழரும் முஸ்லிம்களுமாக முப்பது குடும்பங்கள். குளத்தில் குஞ்சு விடுவது அவர்களுக்கு இதுதான் முதல் தடவை.

“என்ன தங்கச்சி, பற்றரி செத்துட்டுதோ?”

“பொறுங்கோ நானா, பாப்பம்.”

முன்விளக்கைப் போட்டுவிட்டு மறுபடியும் சாவியைத் திருப்பினேன். விளக்கு மங்கவில்லை. அப்படியானால் பற்றரியில் பிழை இல்லை. மின்சாரம் போகிறது, திரும்பி வர வழி இல்லாமல் நிற்கிறது. ஒரு தடித்த வயரை எடுத்து ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை என்ஜின் இரும்பிலும் பிடித்துக்கொண்டு, நானாவைச் சாவி திருப்பச் சொன்னேன். ஒரே திருப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது. என்ஜினையும் வண்டிச் சட்டத்தையும் இணைக்கும் பட்டை வயர், பூட்டுகிற இடத்தில் பச்சை பூத்துப் போயிருந்தது. கழற்றி, அரத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினேன். கால் மணித்தியால வேலை.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். என் ஊர் கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் கரை. நெல் செய்கிற குடும்பம். இந்தப் பிக்கப்பை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கி நாலு வருடம். வயதில் அது என்னை விட மூன்று மாரிக்காலம்தான் இளமை. வாங்கியதிலிருந்து ஒரு வருத்தம் அதற்கு இருந்தது: இருந்தாற்போலிருந்து ஃபியூஸ் எரிந்து வழியில் நிற்கும். கராஜுக்குக் கொண்டு போனால் ஒரு பிழையும் இராது. மூன்று கராஜ் பார்த்துவிட்டு, நானே நகரத்தில் வாகன மின்வேலை வகுப்பில் சேர்ந்தேன். படித்து முடித்து வேறு நாலைந்து பேரின் வாகனங்களைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். என்னுடையது மட்டும் பிடி தரவில்லை.

ஏழு மணிக்கு வவுனியாவை விட்டோம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று கண்டி வீதி கம்பளம் விரித்த மாதிரிக் கிடந்தது. நானா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பின்கண்ணாடி வழியே தறப்பாளைப் பார்த்துக்கொண்டே வந்தார். மாங்குளத்தில் தேத்தண்ணி குடித்தோம். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் போய்ச் சாக்கை நனைத்துவிட்டு வந்தார். அங்கிருந்து முல்லைத்தீவுக்கு ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. கிழக்கே திரும்பினோம். இரு பக்கமும் பாலை மரமும் வீரை மரமுமாகக் காடு.

ஒட்டுசுட்டானுக்கு இன்னும் தூரம் இருந்தது. ஒரு சின்னப் பாலத்தின் மேட்டில் ஏறி இறங்கினேன். முன்னாலிருந்த மானிகளின் முள்ளெல்லாம் ஒன்றாக விழுந்தது. என்ஜின் நின்றது. உருண்டு போன வேகத்திலேயே ஓரமாக ஒரு பாலை மர நிழலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஃபியூஸ் கருகியிருந்தது. வேறொன்று போட்டேன், ஓடியது. அடுத்த பள்ளத்தில் அதுவும் போயிற்று. கையில் மிச்சம் ஒன்றே ஒன்று. பிக்கப்பைத் தள்ளி மறுபடியும் நிழலுக்குள் விட்டோம்.

நானா இறங்கித் தறப்பாளைத் தூக்கிப் பார்த்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

“ஃபியூசுக்குப் பதிலா வயரைச் சுத்திப் போட்டா ஓடும்தானே?”

“ஓடும் நானா. எங்கை நெருப்புப் பிடிக்கும் எண்டுதான் தெரியாது.”

அவர் கைத்தொலைபேசியை எடுத்து முல்லைத்தீவிலிருந்த சொந்தக்காரரோடு கதைத்தார். லொறி இருக்கிறது, ஆனால் வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் ஆகும். வந்தாலும் பைகளை வெயிலில் இறக்கி ஏற்ற வேண்டும். சில பைகள் வெடிக்கும். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களால ஏலுமா? ஊரே கரையில காத்துக்கொண்டு நிக்குது.”

நாலு வருடம் கண்டுபிடிக்காததை அரை மணித்தியாலத்தில் கண்டுபிடிப்பேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் அந்த வருத்தம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தது. அது எனக்கு ஒரு பிடி.

“அரை மணித்தியாலம் தாங்கோ நானா. ஏலாட்டி நானே சொல்லுவன், லொறியைக் கூப்பிடுங்கோ.”

அவர் தறப்பாளை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொலைபேசியில், “கொஞ்சம் பொறு. நான் திருப்பி எடுக்கிறன்” என்றார்.

ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டினேன். இது வகுப்பில் படித்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் பல்ப் மங்கலாக எரியும். எங்காவது வயர் இரும்பில் பட்டால் பளீரென்று எரியும். ஃபியூசைப் போல எரிந்து சாகாது. எத்தனை தடவையும் சோதித்துப் பார்க்கலாம்.

பல்ப் மங்கலாகவே எரிந்தது. முன்பக்க வயர்களையெல்லாம் ஆட்டிப் பார்த்தேன். மாற்றமில்லை. கராஜில் நடந்தது போலவே ஒரு பிழையும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. கராஜுக்கு ஒருநாளும் நான் பாரத்தோடு போனதில்லை. நெல்லோ சீமெந்தோ ஏற்றிய நாட்களில் மட்டுமே அது நின்றிருக்கிறது. இன்றைக்குப் பின்தட்டில் இருப்பது முழுக்கத் தண்ணீர்.

“நானா, பின்னுக்கு ஏறி நிண்டு குதியுங்கோ.”

“நானோ? குஞ்சுக்கு ஒண்டும் ஆகாதே?”

“மெல்லக் குதியுங்கோ.”

நிஸ்தார் நானா நல்ல பாரமான மனிதர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின் பம்பரில் ஏறி ஒரு குதி குதித்தார். என் கையில் பல்ப் பளீரென்று எரிந்து அணைந்தது.

“பத்தினது! இன்னொருக்கா!”

“பத்துதா?”

“ஓம், ஓம்! நிப்பாட்டாதேங்கோ!”

வீதியால் போன ஒரு பஸ் முழுக்க யன்னலால் எட்டிப் பார்த்தது. நானா கவலைப்படவில்லை. குதித்துக்கொண்டே இருந்தார்.

பின்விளக்குகளுக்குப் போகும் வயர்க்கட்டின் பூட்டைக் கழற்றிவிட்டு மறுபடி குதிக்கச் சொன்னேன். பிழை அந்தக் கட்டில் என்றால் இனிப் பளீரிடக் கூடாது. பளீரிட்டது. அப்படியானால் பின்னுக்கு இன்னொரு வயர் போகிறது. அங்கே இருக்கவே கூடாத வயர்.

சாக்கை விரித்துக் கீழே நுழைந்தேன். பின்தட்டைத் தாங்கும் குறுக்கு இரும்புக்கும் சட்டத்துக்கும் நடுவில், சேறு பிடித்து, இரும்பின் நிறத்திலேயே ஒரு வயர் ஓடியது. ஓரிடத்தில் உறை தேய்ந்து செம்பு பளபளத்தது. தட்டில் பாரம் ஏறிக் குலுங்கும்போதெல்லாம் அந்த இரும்பு வந்து இதை நசித்திருக்கிறது. எனக்கு முந்தி வைத்திருந்தவர் யாரோ பின்தட்டில் ஒரு விளக்குப் பூட்டியிருக்கிறார்கள். விளக்கைக் கழற்றியவர்கள் வயரை மின்சாரத்தோடு அப்படியே விட்டுவிட்டார்கள்.

வயரைப் பிடித்துக்கொண்டே முன்னால் போய், ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் அது ஒட்டியிருந்த இடத்தைக் கண்டு வெட்டினேன். வெட்டிய முனைக்கு நாடா சுற்றினேன். பின்னாலிருந்து நானா இழுக்க, அந்த வயர் முழுவதும் சரசரவென்று வெளியே வந்தது. மறுபடி குதித்தார். பல்ப் மங்கலாகவே இருந்தது. கடைசி ஃபியூசைப் போட்டேன். அவர் எனக்காக இன்னும் மூன்று தடவை குதித்தார், அந்த மூன்றும் தேவையே இல்லாதவை.

வண்டிக்குள் ஏறினோம். பக்கத்தில் ஓர் அந்நிய மனிதர் இல்லாவிட்டால் அந்தக் காட்டு வீதியில் கத்திப் பாடியிருப்பேன்.

“தங்கச்சி, லொறி வேண்டாமெண்டு சொல்லவா?”

“சொல்லுங்கோ.”

ஒட்டுசுட்டானைக் கடந்தோம். இருந்த மேடு பள்ளம் ஒன்றையும் நான் தவிர்க்கவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் மெதுவாகத்தான் ஏறி இறங்கினேன். முள்ளியவளை வந்தது, பிறகு தண்ணீரூற்று. பதினொன்றரைக்குக் குளக்கட்டில் ஏறினோம்.

கரையில் ஐம்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். தலைக்குத் துணி போட்ட பெண்களும் பொட்டு வைத்த பெண்களும் வரிசையாக நின்று பைகளைக் கைமாற்றி இறக்கினார்கள். கட்டை அவிழ்க்காமலே முதலில் பைகளைக் குளத்தில் மிதக்கவிட்டார்கள், உள்ளே இருக்கும் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும் வரைக்கும். ஒவ்வொரு பையையும் நானா வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். இரண்டு பைகளில் சில குஞ்சுகள் மல்லாந்திருந்தன. மற்றவையெல்லாம் துடித்துக்கொண்டிருந்தன.

ஒரு பையை என்னிடம் தந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று அவிழ்த்துச் சரித்தேன். வெளியே வந்த குஞ்சுகள் உடனே ஓடவில்லை. என் காலைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஒன்று ஆழத்தைப் பார்த்துத் திரும்ப, எல்லாம் அதன் பின்னால் போயின.

மத்தியானம் சோறும் இறைச்சிக் கறியும் தந்தார்கள். நானா தன் கால்களைத் தடவிக்கொண்டே குதித்த கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் குதித்த உயரம் கூடியது. எங்கள் ஊரிலும் வாய்க்கால் நிறைய மீன் உண்டு. அவை தண்ணீரோடு தானாக வந்தவை என்றுதான் நாங்கள் நினைத்திருக்கிறோம். ஒரு குளத்துக்கு மீன் ஊரின் கையால் வருவதை அன்றுதான் கண்டேன்.

புறப்படுகிற நேரம், சங்கத்தில் பொருளாளராக இருக்கும் பவானி அக்கா வண்டியடிக்கு வந்தா. புதுக்குடியிருப்பில் அவாவின் தம்பியின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் இப்படித்தான் நிற்கிறதாம்.

“நீங்கள்தானோ பிள்ளை அந்த மெக்கானிக்?”

இதுவரை என்ன வேலை என்று யார் கேட்டாலும் ‘வாகனம் ஓடுறன்’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

“ஓம் அக்கா,” என்றேன். “நான்தான். ஏறுங்கோ, போற வழியிலை பாப்பம்.”