காளிராஜின் படபடப்பு

காளிராஜுக்கு நெஞ்சில் ஒரு நோயும் இல்லை. அவனை நோயாளி ஆக்கியவன் நான். காபி வாங்கிக் கொடுத்தே ஆக்கினேன்!

சிரிக்காதீர்கள். காபியில் அப்படி என்ன கேடு என்றுதானே கேட்கிறீர்கள்? தினமும் குடித்துப் பழகிய என் உடம்பை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பழகாத உடம்பில் நெஞ்சைப் படபடக்க வைக்கும், கையை நடுங்க வைக்கும், இரத்த அழுத்தத்தையும் கொஞ்ச நேரத்துக்கு ஏற்றிவிடும். பிறகு தானாக வடிந்துவிடும். ஒரு மருத்துவ முகாமில் நர்ஸம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். "காபி குடிச்ச கையோட பிரஷர் பாக்க வராதீக, கூட்டித்தான் காட்டும்" என்றார்.

நல்லதுக்குச் சொன்னார். நான் எதற்கு எடுத்துக்கொண்டேன், பாருங்கள்!

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் அறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஃபோர்மேன் இடம் காலியானது. முதலாளி அவனைத்தான் நினைத்திருந்தார். உடல் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி... அவனுக்கு அடுத்த ஆள் நான்.

பரிசோதனை அன்று காலை அவனைக் காபிக் கடைக்கு இழுத்துப் போனேன். கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவன், காபியைத் தொடாதவன். டிக்காஷனைத் தூக்கலாகப் போடச் சொன்னேன்.

"எனக்கு இது ஒத்துக்கிடாது மாப்ளே."

"ஏலே, ஃபோர்மேன் ஆகப்போற ஆளு! எனக்காகக் குடிலே."

எனக்காகக் குடித்தான். இன்னொன்று வாங்கினேன். அதையும் குடித்தான்...

டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். அழுத்தம் அதிகம், நாடியும் வேகமாக ஓடுகிறது, நெஞ்சைக் கவனி என்றார். வெடிமருந்துக்கு நடுவே மயங்கி விழுந்தால் என்ன ஆவது என்று முதலாளி பயந்தார். நான் ஃபோர்மேன் ஆனேன்.

மறுபடி போய்ப் பார்ப்பான், சரியாக இருக்கும், அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவன் பயந்துபோவான் என்று நினைக்கவில்லையே! டாக்டர் வீட்டு வாசலிலேயே வேர்த்துவிடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறிவிடும். காபி அன்றைக்கே இறங்கிவிட்டது. பயம் இறங்கவில்லை.

வேலையை விட்டான். உப்பில்லாமல் சாப்பிடுகிறான். நாலு எட்டு நடந்தால் நின்று மார்பைத் தொட்டுப் பார்க்கிறான். அவன் மனைவி மகேஸ்வரி இப்போது எனக்குக் கீழே திரி வெட்டுகிறாள். காலையில் என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டீகளாண்ணே?" என்று கேட்கிறாள். எப்படிப் பதில் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை? வேலை போய்விடும் என்றா? அவன் முகத்தில் விழிக்க முடியாது என்றா? இரண்டும்தான். கோழை நான்!

போன வாரம் கூப்பிட்டு அனுப்பினான். அவன் மகள் ரேவதி, கபடியில் மாவட்ட அணிக்குத் தேர்வாகியிருந்தாள். பையோடு கிளம்பி நின்றவளை அவன் மறித்துக்கொண்டிருந்தான்.

"என் நெஞ்சுதானலே அவளுக்கும் இருக்கும்! ஓடி விழுந்துட்டா? நான் சொன்னா கேக்க மாட்டேங்கா. நீ சொல்லு மாப்ளே."

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் செய்யல மாமா. நீங்களாவது அப்பாட்ட எடுத்துச் சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில்... ஒரே ஒரு வார்த்தை!

"அப்பா சொல்றதக் கேளு தாயி" என்றேன்.

அவள் பையை உள்ளே கொண்டுபோனாள். காளிராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குன்னு நீ ஒருத்தன்தாம்லே இருக்க" என்றான்.