இரண்டு மடை அடைக்கும் மருந்து

இராஜாக்கமங்கலம் சந்திப்பில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் என் முகம் தபால்தலை அளவுக்குத்தான் இருந்தது. மீதி இடமெல்லாம் சார். கோட்டுப் போட்டு, கையில் நீலத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குடுவையோடு நின்றார். எங்கள் ஆய்வகத்தில் நீலமாக ஒன்றும் கிடையாது. போட்டோவுக்காக மயில்துத்தம் கரைத்து ஊற்றியது. 'புற்றுநோயை வென்ற நம் மண்ணின் மைந்தர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பையன் பிளஸ் டூ தேறினாலும் ஃபிளெக்ஸ் வைப்பார்கள், யாரும் அதை வாசித்து நம்புவதில்லை. இதை என் சித்தி நம்பினாள்.

சார் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. கெட்டிக்காரர், அதை மறுக்கமாட்டேன். புற்றுக்கட்டி வளர ஒரு வழி மட்டும் இல்லை. ஒரு புரதத்தை மருந்தால் முடக்கினால் இன்னொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு வளரும். "ஒரு மடைய அடைச்சா வெள்ளம் அடுத்த மடை வழியாப் பாயும். ரெண்டையும் ஒரே பலகையில அடைக்கணும்" என்பார். அந்தப் பலகையை, அதாவது மருந்து மூலக்கூறை, கணினியில் செதுக்கியது நான். ஒரு முனை ஒரு புரதத்திலும் மறுமுனை மற்றதிலும் திரையில் அழகாகப் பொருந்தின. அதைப் பொடியாகத் தயாரித்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். புற்றுச் செல்கள் செத்தன என்று பதில் வந்த அன்றே சார் நிருபர்களைக் கூப்பிட்டுவிட்டார்.

அடுத்து வந்த முடிவில் நல்ல செல்களும் அதே போலச் செத்திருந்தன. எங்கள் பலகை ஊரிலுள்ள எல்லா மடைகளையும் அடைத்திருந்தது. சாரிடம் காட்டினேன். "அத அடுத்த பேப்பர்ல பாத்துக்கிடலாம். இப்போ பாராட்டு விழா வருதில்லா" என்றார்.

சித்திக்கு மார்பில் கட்டி. திருவனந்தபுரத்தில் கீமோ ஊசி நடந்துகொண்டிருந்தது. ஃபிளெக்ஸைப் பார்த்த பிறகு போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, நீங்கதான் மருந்து கண்டுபிடிச்சாச்சே. இனி என்னத்துக்கு நான் முடி கொட்டுத ஊசி போடணும்?"

அது மருந்தே இல்லை, நல்லதையும் சேர்த்துக் கொல்லும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். சித்தி என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

"அவ்வளவு பெரிய சாரு சொல்லுதாரு. நீ ஏன் மறைக்க? பணக்காரங்களுக்கு எடுத்து வச்சிருக்கியா?"

விழா மேடைக்குப் பின்னால் சாரிடம் கெஞ்சினேன். இது இன்னும் மருந்து ஆகவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள், என் சித்தி சிகிச்சையை நிறுத்திவிட்டாள் என்றேன். "மக்க நம்பிக்கையக் கெடுக்கப்பிடாது" என்று பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார். எதையெதையோ பேசினார், அதை மட்டும் பேசவில்லை. முன்வரிசையில் இருந்து சித்தி கை தட்டினாள். இன்றும் அவர் படம் நாளிதழில் வரும். அருவருப்பில் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

கட்டி புண்ணாகி உடைந்த பிறகுதான் சித்தி பிடிவாதத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பினாள். எங்கள் மாவட்டத்தில் யாருக்கு இந்த நோய் வந்தாலும் பெரும்பாலும் அதே காலை ரயில்தான், அதே ஆஸ்பத்திரிதான். காத்திருக்கும் கூடத்தில் சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலையில் துணி கட்டிய அவர் மனைவி. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் வாஞ்சையாகப் பேசினார். பல மாதமாக ஊசி போடுகிறார்களாம். பாராட்டு விழா நடந்த வாரம்கூட ஒரு ஊசியையும் தவறவிடாமல் சார்தான் கூட்டி வந்தாராம். அந்த மனிதரின் முகத்தில் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

சித்தி அவரைக் கும்பிட்டாள். கேலி எதுவும் இல்லாமல் கேட்டாள்.

"சாரே, ஒங்க வீட்டம்மாவுக்கு ஒங்க மருந்தக் குடுக்கலியா?"

சார் தரையைப் பார்த்தார். "அது இன்னும் மருந்து ஆகல்லம்மா."

நான் கெஞ்சிக் கேட்ட அதே வாக்கியம். சித்தி என் பக்கம் திரும்பி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நீ மறைக்கல்லியா மக்கா?"