வெறுங்காலோடு சுற்றிய கோச்

எங்கள் மேலகரம் கால்பந்து அணியின் கோச்சை மாற்றச் சொல்லி அதிகம் கத்தியவன் நான்தான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "சாரல்ல போய் தரையோட பாஸ் போடச் சொல்லுதாரு. பந்து தண்ணியில நின்னுராதாலே?" என்று கூட்டாளிகளிடம் எகிறுவேன். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். காலையில் நனைந்துகொண்டே மைதானத்தில் வெறுங்காலோடு சுற்றியதை நானும் பார்த்தேன். இறுதிப் போட்டியோடு அவரை அனுப்பிவிட கமிட்டியும் முடிவு செய்திருந்தது.

அந்தப் போட்டியில் எதிரணி உதைத்த பந்தெல்லாம் தேங்கிய தண்ணீரில் நின்றது. எங்கள் ஆட்கள் தண்ணீர் நிற்காத கிழக்கு ஓரமாகவே பாஸ் போட்டு மூன்று கோல் அடித்தார்கள்.

ஓடிப்போய் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினேன். மேலிருந்து அவர் சொன்னார்: "அண்ணாச்சி, இடது பக்கம் போவாதீங்க. அங்கன பள்ளம் கெடக்கு."